பார்க்கின்சன் மாத்திரை மூளைக்குள் என்ன செய்கிறது? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஸ்டான்லி, ஜி.எச். என்ற அரசு ஆஸ்பத்திரிகளிலிருந்து சீட்டோடு வருகிறவர்கள், தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கத்து டாக்டர்களிடம் காட்டிவிட்டு வருகிறவர்கள் என்று பார்க்கின்சன் மாத்திரை வாங்கும் குடும்பங்கள் நிறையப் பேர். மாத்திரையை வாங்கிப் பையில் போட்ட பிறகுதான் கேள்வி ஆரம்பிக்கும். டாக்டரிடம் கேட்க நேரம் கிடைத்திருக்காது, இல்லையென்றால் கூச்சம். அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும்தான் இவை. எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பது நரம்பியல் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. கொடுத்த மாத்திரை ஏன் இந்த நேரத்தில், ஏன் இப்படி என்பதை நான் சொல்லலாம்.

அப்பாவுக்குக் கை உதறுகிறது. நரம்புத் தளர்ச்சிதானே? சத்து ஊசி போட்டால் சரியாகாதா?

ஆகாது. வைட்டமின் பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், எரியும். அதற்கு ஊசி உதவும். பார்க்கின்சன் வேறு கதை. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சின்னப் பகுதி. அதிலுள்ள செல்களில் கருநிறப் பொருள் இருப்பதால் வெட்டிப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். டோபமின் என்ற ரசாயனத்தைச் செய்து, மூளையின் உள்ளே ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்புவது இந்தச் செல்களின் வேலை. நாம் நினைத்த அசைவு தடையில்லாமல், சரியான வேகத்தில் நடக்க அந்த டோபமின் வேண்டும்.

பார்க்கின்சனில் இந்தச் செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. கை உதறலோ நடையில் மந்தமோ வெளியே தெரியும்போது பாதிக்குப் பக்கமான செல்கள் ஏற்கெனவே போயிருக்கும். மோப்பம் குறைவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கைகாலை வீசுவது போன்றவை பல வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம். அப்போது யாரும் இதோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இன்னொன்று: உதறல் இல்லாமலே பார்க்கின்சன் வரும். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, கையெழுத்து சிறுத்துப்போகிறது, ஒரு கையை மட்டும் வீசாமல் நடக்கிறார் என்றால் அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

டோபமின்தானே குறைகிறது? அதையே கொடுத்துவிடலாமே?

நல்ல கேள்வி. டோபமின் மருந்தாகவே கிடைக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கு ஏற்றுவார்கள். ஆனால் ரத்தத்தில் எவ்வளவு டோபமின் ஓடினாலும் மூளைக்குள் போகாது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் மிக நெருக்கமானது, கண்டதையும் உள்ளே விடாது. டோபமின் அங்கே வெளியே நின்றுவிடும்.

அதனால்தான் லெவோடோபா. உடம்பு டோபமினைச் செய்யும்போது அதற்கு முந்தின படியில் உருவாகும் பொருள் இது. அமினோ அமில வகை. அமினோ அமிலங்களை மூளைக்குள் ஏற்றிச் செல்ல அந்தச் சுவரில் தனி வழி இருக்கிறது. லெவோடோபா அந்த வழியாக உள்ளே நுழைகிறது. மிச்சமிருக்கும் செல்கள் அதை டோபமினாக மாற்றி, சேமித்து, தேவைப்படும்போது விடுகின்றன.

அட்டையில் 110, 125, 275 என்று இருக்கிறதே, எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இங்கே கூட்டுத்தொகையைப் பெயரோடு சேர்த்துப் போடும் வழக்கம் இருக்கிறது. 110 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. 125 என்றால் 100-உம் 25-உம். 275 என்றால் 250-உம் 25-உம். 110-லும் 125-லும் லெவோடோபாவின் அளவு ஒன்றே, துணை மருந்தான கார்பிடோபாதான் கூடக் குறைய இருக்கிறது. 275-இல் லெவோடோபா இரண்டரை மடங்கு. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்த அட்டை வேறு நிறத்தில், வேறு பெயரில் இருந்தால் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த இரண்டு எண்ணையும் பழைய அட்டையோடு ஒத்துப் பாருங்கள்.

கார்பிடோபா எதற்கு என்றால், லெவோடோபாவைத் தனியாக விழுங்கினால் குடலிலும் ரத்தத்திலும் உள்ள ஒரு நொதி வழியிலேயே அதை டோபமினாக மாற்றிவிடும். அப்புறம் மூளைக்குள் போக முடியாது. நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உள்ளே சேரும், மீதி வாந்தியையும் படபடப்பையும் கொடுக்கும். கார்பிடோபா அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. அதுவும் மூளைக்குள் போகாத பொருள் என்பதுதான் இதில் அழகு. வெளியே மாற்றம் நடக்காமல் தடுக்கும், உள்ளே நடக்க வேண்டிய மாற்றத்தில் தலையிடாது.

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? மீனே சாப்பிடக் கூடாது என்கிறார்களே?

காசிமேட்டுக்காரர்களிடம் மீன் வேண்டாம் என்று சொல்லிப் பிழைக்க முடியுமா? யாரும் அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை. நேரம்தான் விஷயம்.

மீன், முட்டை, கறி, பால், பருப்பு எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. செரித்ததும் அது அமினோ அமிலங்களாகப் பிரியும். குடலிலிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து மூளைக்கு என்று இரண்டு இடத்திலும் லெவோடோபா போகும் வழியிலேதான் இவையும் போக வேண்டும். டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோ மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் இடம் அவ்வளவுதான், காலை நேரத்தில் ஸ்டாப்பில் கூட்டம் நின்றால் உங்களுக்கு இடம் கிடைக்காது. மாத்திரை வீணாகிப் போகவில்லை, ஏறத்தான் முடியவில்லை.

அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பாக அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில் போட்டுக்கொள்வது நல்லது. நம் பக்கம் காலை மாத்திரை எல்லாம் பால் டீயோடுதான் உள்ளே போகிறது. அதை மட்டும் மாற்றினாலே சிலருக்குக் காலைப்பொழுது சுலபமாகிறது. மாத்திரை ஆரம்பித்த புதிதில் வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட், கொஞ்சம் இட்லி என்று மாவுச்சத்தோடு எடுக்கலாம்.

புரதத்தைக் குறைக்கவே கூடாது. வயதானவர்களுக்கு ஏற்கெனவே சதை கரைந்துகொண்டிருக்கும். மருந்து ஏறி இறங்கும் தொல்லை அதிகமுள்ள சிலருக்கு மட்டும், பகலில் லேசாகச் சாப்பிட்டு மீன் குழம்பையும் முட்டையையும் ராத்திரிக்கு மாற்றச் சொல்வார்கள். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை.

மறந்துவிடும் இரண்டு விஷயம். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலச்சிக்கலைக் கவனியுங்கள். இந்த நோயில் இரைப்பையும் குடலும் சேர்ந்தே மந்தமாகும், லெவோடோபாவோ சிறுகுடலுக்குப் போனால்தான் உறிஞ்சப்படும். மாத்திரை இரைப்பையிலேயே கிடந்தால் "இன்னிக்கு மாத்திரை வேலை செய்யவே இல்லை" என்பார் பெரியவர். பொய் சொல்லவில்லை அவர்.

முன்னே ஒரு மாத்திரை நாள் முழுக்கத் தாங்கும். இப்போது மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. மாத்திரை போலியா?

கடைக்காரனைச் சந்தேகப்படும் கேள்வி, ஆனால் நியாயமானது. மாத்திரை அதேதான். மாறியது மூளை.

கார்பிடோபா சேர்ந்த லெவோடோபாவின் அளவு ரத்தத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப வருடங்களிலும் அப்படித்தான். ஆனாலும் அப்போது நாள் முழுக்கத் தாங்கியது ஏன்? மிச்சமிருந்த செல்கள் டோபமினைச் சேமித்து வைத்து சீராக விட்டுக்கொண்டிருந்தன. ரத்தத்தில் மருந்து குறைந்தாலும் மூளைக்குத் தெரியவில்லை. வருடம் போகப் போக அந்தச் செல்களும் குறைகின்றன, சேமிக்க இடமில்லை. இப்போது ரத்தத்தில் மருந்து ஏறினால் கைகால் வருகிறது, இறங்கினால் கட்டிப்போகிறது. அடுத்த மாத்திரை நேரத்துக்கு முன்பே உதறல், இறுக்கம், சிலருக்குக் காரணமில்லாத பதற்றம், வியர்வை.

இந்தக் கட்டத்தில் மில்லிகிராமைவிட மணி முக்கியம் என்பேன். துறைமுகத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இதில் கெட்டிக்காரர்கள், நிமிடம் பிசகாது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது சேர்ந்து விழுங்கலாம் என்று விடுகிறவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள். டாக்டரிடம் போகும்முன் ஒரு வாரம் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு நடை சுலபமானது, எப்போது இறங்கியது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் வேளையைக் கூட்டுவதா, அளவைப் பிரிப்பதா, வேறு மருந்து சேர்ப்பதா என்று தீர்மானிப்பார். "மாத்திரை கேட்கவில்லை டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் உடம்பு தானாக நெளிகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது.

இது நோயின் உதறல் இல்லை, மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. டோபமினைப் பெறும் ஏற்பிகளுக்குச் சீராகக் கிடைப்பதற்குப் பதில் மேலும் கீழுமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால், அசைவைத் தூண்டும் பாதை அளவுக்கு மீறி விழித்துக்கொள்கிறது. பல நோயாளிகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிட நெளிந்தபடி கடைக்கு நடந்துபோவதே மேல் என்பார்கள். பயப்படுவது குடும்பத்தார்தான். தொல்லையாக இருந்தால் ஒரு வேளைக்கான அளவைக் குறைத்து வேளையைக் கூட்டுவார்கள், அமன்டடின் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள்.

லெவோடோபாவைச் சீக்கிரம் ஆரம்பித்தால் பிற்காலத்தில் கேட்காதாமே? தள்ளிப்போடலாமா?

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் டாக்டர்களிடமே இருந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தார்கள். கானா நாட்டில் மருந்து கிடைக்காமல் தாமதமாக ஆரம்பித்தவர்களையும், இத்தாலியில் சீக்கிரம் ஆரம்பித்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வந்தது. ஏற்ற இறக்கமும் நெளிவும் நோய் தொடங்கி எத்தனை வருடம் ஆனது என்பதை ஒட்டியே வந்தன. மாத்திரையை எத்தனை வருடம் எடுத்தார்கள் என்பதை ஒட்டி அல்ல. நெதர்லாந்தில் நடந்த இன்னொரு சோதனை 2019-இல் வெளியானது. 40 வாரம் முன்னதாக ஆரம்பித்தவர்களுக்கு அதனால் கெடுதலும் இல்லை, நோயின் வேகம் குறையவும் இல்லை.

அதாவது இந்த மாத்திரை நோயை ஓட்டாது, வளர்க்கவும் செய்யாது. குறைந்ததை நிரப்புகிறது, அவ்வளவே. பொத்தான் போட முடியாமல், வேலைக்குப் போக முடியாமல், மாத்திரையை "சேமித்து" வைத்துக் கஷ்டப்படுவதில் எனக்கு எந்த லாபமும் தெரியவில்லை. அளவு தேவைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வேறு, அது டாக்டர் கவனிப்பார்.

பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்று எழுதியிருக்கிறாரே, அது என்ன?

இவை டோபமின் ஆவதில்லை. டோபமின் போய் உட்கார வேண்டிய ஏற்பியில் தாங்களே உட்கார்ந்து அதே வேலையைச் செய்கின்றன. சாகும் செல்களை நம்பியிருக்கத் தேவையில்லை, புரதத்தோடு போட்டியும் இல்லை, நேரமும் கூடுதலாகத் தாங்கும். வயது குறைந்த நோயாளிகளுக்கு முதலில் இதைத் தருவதுண்டு. லெவோடோபா அளவுக்குப் பலம் கிடையாது.

இதில் ஒரு விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லியாக வேண்டும். மூளையில் ஆசை, திருப்தி, "இன்னொரு தடவை" என்ற உந்துதல் எல்லாவற்றிலும் டோபமினுக்குப் பங்குண்டு. இந்த மாத்திரைகள் அந்தப் பகுதியிலும் வேலை செய்யும். அதனால் சிலருக்கு, இதுவரை சீட்டைத் தொடாதவர்களுக்குக்கூட, மொபைலில் ரம்மி ஆடிப் பணத்தை விடும் பழக்கம் வரும். சிலர் தேவையில்லாததை வாங்கிக் குவிப்பார்கள், ராத்திரி எழுந்து தின்பார்கள், சிலருக்குக் காம உணர்வு கட்டுக்கடங்காமல் போகும். "இந்த வயதில் இவருக்கு இப்படிப் புத்தி போகிறதே" என்று வீட்டில் சண்டை நடக்கும். புத்தி போகவில்லை, மாத்திரை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்து நிறுத்துவார், பெரும்பாலும் சரியாகிவிடும். பகலில் திடீரென்று தூக்கம் அடித்துக்கொண்டு போவதும் உண்டு, எண்ணூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறவர்கள் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ரசாகிலின், என்டகபோன்?

இரண்டுமே இருப்பதைச் சீக்கிரம் அழியவிடாமல் காப்பவை. டோபமினை மூளைக்குள் சிதைக்கும் ஒரு நொதியை ரசாகிலினும் செலிஜிலினும் தடுக்கின்றன. என்டகபோன் ரத்தத்தில் லெவோடோபாவைச் சிதைக்கும் வேறொரு நொதியைத் தடுக்கிறது. தனியாக எடுத்தால் பயனில்லை, லெவோடோபாவோடு சேர்த்தே விழுங்க வேண்டும். சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், ரத்தம் என்று பதறி ஓடிவர வேண்டாம்.

ரசாகிலின் எடுக்கிறவர்கள் இருமல் சிரப்பைத் தாங்களாக வாங்கக் கூடாது. டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் உள்ள சிரப்பும், வலிக்குத் தரும் டிரமடாலும் இதோடு ஒத்துப்போகாது.

டிரைஹெக்ஸிபெனிடில் உதறலுக்கு நன்றாகக் கேட்கிறதே. ஏன் நிறுத்தச் சொல்கிறார்?

டோபமின் குறைந்தால் அசிடைல்கோலின் என்ற இன்னொரு பொருளின் கை ஓங்கும். அதை அடக்குவது இந்த மாத்திரை. லெவோடோபா வருவதற்கு முன்பிருந்தே இந்த வகை மருந்துகள் உண்டு, உதறலுக்குக் கேட்கும் என்பது உண்மை. ஆனால் ஞாபகத்துக்கும் அசிடைல்கோலின்தான் வேண்டும். 70 வயதுக்காரருக்கு வாய் காயும், சிறுநீர் கட்டும், குழப்பம் வரும். பேரன் பெயர் மறந்துபோவதை மறதி நோய் என்று நினைத்துவிடுவார்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னது சரி. படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.

தலை சுற்றல், வாந்தி, கேஸ். தெரு முனையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், நடையே நின்றுவிட்டது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சில சாதாரண மாத்திரைகள் மூளைக்குள் போய் டோபமின் ஏற்பியை அடைத்துவிடும். லெவோடோபா கொடுக்க, இது பறிக்க. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின். தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஃபுளூனரிசின். கேஸ் காப்ஸ்யூலில் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும் லெவோசல்பிரைடு. மனநல மருந்தில் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன். நோயே இல்லாதவர்களுக்கும் இவற்றை மாதக்கணக்கில் எடுத்தால் பார்க்கின்சன் போலவே வரலாம். பெரும்பாலானவர்களுக்கு, நிறுத்தினால் சில மாதங்களில் போகும். அதனால் உதறலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேஸ் மாத்திரையின் அட்டையைக் கேட்கிறேன்.

வாந்திக்கு டோம்பெரிடோன் பொருந்தும், அது மூளைக்குள் அதிகம் போகாது. இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். தலைசுற்றல் என்றால் முதலில் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பி.பி. பாருங்கள். இந்த நோயும் இந்த மருந்துகளும் எழுந்து நிற்கும்போது பி.பி.யை விழவைக்கும், பழைய பி.பி. மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

பூனைக்காலி விதைப் பொடி நல்லதாமே?

பூனைக்காலி விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது, கட்டுக்கதை இல்லை. அதனால்தான் ஜாக்கிரதை வேண்டும். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு என்பது விதைக்கு விதை, கடைக்குக் கடை மாறும், கார்பிடோபாவும் கிடையாது. மாத்திரையோடு சேர்த்தால் அளவு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எடுக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்?

நோயை முதலில் தெளிவாக எழுதியவர் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-இல். மருந்தின் கதையில் நம்மூர்ச் செடி ஒன்றும் வருகிறது. சர்ப்பகந்தியிலிருந்து பிரித்த ரெசர்பின், பி.பி.க்கும் மனநோய்க்கும் தரப்பட்டது. சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957-இல் அதை முயல்களுக்குக் கொடுத்தார், அவை அசையாமல் சுருண்டன. டோபா செலுத்தியதும் எழுந்து ஓடின. வியன்னாவில் ஹோர்னிகீவிச் 1960-இல் நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் காட்டினார். 1961-இல் லெவோடோபாவை ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், படுத்த படுக்கையாய் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் நடந்தார்கள். வாய்வழியாக மெல்ல மெல்ல அளவைக் கூட்டிக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் கோட்சியாஸ் 1967-இல் காட்டினார். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் கிடைத்தது. லெவோடோபா பரவலாவதற்கு முன்பு அறுவையும் ஒரு வழியாக இருந்தது. இங்கே ஜி.எச்.சில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் டாக்டர் டி.எஸ். கனகாவும் மூளைக்குள் ஒரு புள்ளியைக் குறிவைத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சையை வளர்த்தவர்கள். இன்று மூளைக்குள் மின்கம்பி வைக்கும் சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான்.

ராத்திரி யாரோ மூலையில் நிற்கிறார்கள் என்கிறார். பேய் பிசாசா?

மந்திரிக்கப் போகும்முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கிருமித் தொற்று, உடம்பில் தண்ணீர் குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, நோயின் முதிர்ச்சி எதுவும் காரணமாகலாம். டாக்டர் பெரும்பாலும் டிரைஹெக்ஸிபெனிடில், அமன்டடின், பிரமிபெக்சோல் போன்றவற்றை முதலில் குறைப்பார், லெவோடோபாவைக் கடைசியில்தான் தொடுவார். தனியாக மருந்து வேண்டுமென்றால் கியூட்டியபின், குளோசபின் போன்றவை.

மாத்திரை தீர்ந்துவிட்டது. இரண்டு நாள் பொறுக்கலாமா?

கூடாது. திடீரென்று நின்றால் உடம்பு கட்டையாகி, காய்ச்சல் ஏறி, சுயநினைவு தடுமாறும் நிலை வரலாம். உயிருக்கே ஆபத்து. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஐப்பசி பிறந்ததும் இரண்டு வார மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். வேறு ஆபரேஷனுக்காக அட்மிட் ஆனாலும் மாத்திரை நேரத்தை நர்ஸிடம் எழுதிக் கொடுங்கள். "வெறும் வயிறு" என்ற விதியில் இந்த மாத்திரையும் சேர்ந்து நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. மயக்க மருந்து டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிட்டால் வழி சொல்வார்.

விழுங்கக் கஷ்டப்படுகிறார். பொடித்துக் கொடுக்கலாமா?

சாதாரண மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், கொடுக்கும் நேரத்தில் கரைத்தால் போதும். பெயருக்குப் பின்னால் சி.ஆர். என்று இருந்தால் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மெதுவாக விடும்படி செய்த மாத்திரை அது, நொறுக்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியேறிவிடும். விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், அதற்கென்று பயிற்சி இருக்கிறது.